தி. நகர் கதையைச் சொல்லி செங்கல்பட்டை விற்கிறார்கள்: கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்க



"சொந்த ஊர் திண்டுக்கல், வேலை சென்னையில. கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவுல ஒரு ஃப்ளாட் பார்த்து வச்சிருக்கேன். வாங்கிடலாமா?"

வேலைக்குச் சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆன பசங்க கிட்டயிருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. கேள்வி கேட்கிறவரை விட, அவருக்கு ஃப்ளாட் காட்டுறவர் சொல்ற பதில்தான் சுவாரஸ்யம். "தம்பி, இப்போ தூரமாத்தான் தெரியும். ஒரு காலத்துல தி. நகரே ஊருக்கு வெளியதான் இருந்துச்சு. அன்னைக்கு மாம்பலத்துல ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டவன் இன்னைக்கு கோடீஸ்வரன்."

இந்த வசனத்துல பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினா அதுக்கு விலை 20 வருஷ இஎம்ஐ. அதனால தி. நகர் எப்படி தி. நகர் ஆச்சுன்னு ஒரு தடவை ஒழுங்கா பார்த்துடுவோம். ரியல் எஸ்டேட் விளம்பரம் சொல்லாத பாடம் அதுல இருக்கு.

ஏரியா இருந்த இடம் ஏரியா ஆன கதை

இன்னைக்கு தி. நகர் இருக்கிற இடத்துல ஒரு நீண்ட ஏரி இருந்தது. ஆங்கிலேயர்கள் அதை 'லாங் டேங்க்' என்றே அழைத்தார்கள். 1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு நீதிக்கட்சி ஆட்சியில் அந்த ஏரிப் பகுதியை மேடாக்கி, நடுவில் பூங்கா, அதைச் சுற்றி அகலமான சாலைகள் என்று திட்டம் போட்டு ஒரு புதுக் குடியிருப்பை உருவாக்கினார்கள். 1925-ல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கு. அப்போதைய முதல்வர் பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு.

நம்ம திண்டுக்கல்காரங்களுக்கு இதுல ஒரு உறவும் இருக்கு. பாண்டி பஜாருக்கு 'சௌந்தரபாண்டியனார் அங்காடி' என்று பெயர். அந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் நம்ம மாவட்டத்து பட்டிவீரன்பட்டிக்காரர், நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவர். தீபாவளிக்கு அந்தத் தெருவுல துணி எடுக்கிற நம்ம ஊர்க்காரங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

1928-ல் நல்லி அங்கே கடை போட்டது. 1931-ல் சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்தவர்கள் காலையில் மாம்பலத்தில் ஏறி, சாயங்காலம் மாம்பலத்தில் இறங்கினார்கள். வக்கீல், அரசு அதிகாரி, பின்னாளில் சினிமாக்காரர்கள் என்று வசதியானவர்கள் குடியேறினார்கள். சென்னையின் பணக்காரப் புறநகர் இப்படித்தான் உருவானது.

இதுவரைக்கும் விளம்பரக்காரர் சொல்ற கதை சரி. அவர் ஒரு எண்ணை மட்டும் சொல்றதில்லை.

தூரம் எவ்வளவு?

பீச் ஸ்டேஷனிலிருந்து மாம்பலம் 10, 11 கிலோமீட்டர்தான். தாம்பரம் சுமார் 29. செங்கல்பட்டு சுமார் 60.

அதாவது 'அன்னைக்கு தூரமா இருந்த' தி. நகரின் மொத்த தூரம், செங்கல்பட்டு தூரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. 60 கிலோமீட்டர் என்றால் என்ன என்று திண்டுக்கல்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்ம ஜங்ஷன்ல இருந்து மதுரை ஜங்ஷன் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். "மதுரையில டெய்லி வேலைக்குப் போகணும், அதுக்கு வசதியா திண்டுக்கல்ல ஃப்ளாட் வாங்கலாமா?" என்று மதுரைக்காரர் ஒருத்தர் கேட்டா நாம சிரிப்போம். அதே தூரத்தை ஜிஎஸ்டி ரோட்டுல வச்சுக் காட்டினா டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறோம்!

வெளிநாட்டுக் கதையும் இதையேதான் சொல்லுது. ஜப்பானில் 1910-ல் கொபயாஷி இச்சிசோ என்பவர் ஒசாகாவிலிருந்து ஒரு ரயில் பாதை போட்டார். அந்தப் பக்கம் அப்போ வயல்காடு. ஏறுவதற்கு ஆள் இல்லை. அவர் என்ன செய்தார்? பாதையோரம் நிலத்தை வாங்கி, வீடு கட்டி, ஆபீஸ் போகிற சம்பளக்காரர்களுக்கு 10 வருஷ மாதத் தவணையில் விற்றார். ரயிலுக்கும் ஆள் கிடைத்தது, நிலத்திலும் லாபம். இகேதா என்ற அந்த முதல் குடியிருப்பு ஒசாகாவின் உமேதா நிலையத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். லண்டனிலும் மெட்ரோபாலிட்டன் ரயில் கம்பெனி 1915-லிருந்து 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் வைத்தே தன் பாதையோர ஊர்களை விளம்பரம் செய்தது.

ரெண்டு இடத்திலும் வீடு வாங்கச் சொல்லி ஆசை காட்டினது ரயிலை ஓட்டினவங்க. நீங்க தினமும் ஏறினாத்தான் அவங்களுக்கு வருமானம். புறநகர் வீட்டு விளம்பரம் பிறந்த நாளிலிருந்தே உங்க பயணத்தையும் சேர்த்துத்தான் விற்குது.

புறநகர் எப்போ பணக்கார ஊர் ஆகுது?

ரயில் வந்ததாலா? ரயில் வந்தா ஆள் வருவாங்க, அவ்வளவுதான். என் கருத்து இது: வேலை அந்த ஊரைத் தேடி வரும்போதுதான் அந்த ஊர் பணக்கார ஊர் ஆகுது.

தி. நகரையே பாருங்க. ஆரம்பத்தில் அங்கே குடியிருந்தவர்கள் வேலைக்காக வெளியே போனார்கள். கடைகள் வந்து, கம்பெனிகள் வந்து, இன்னைக்கு ஊரே தி. நகருக்கு வேலைக்கு வருது. நிலத்தின் விலை அந்த இடத்துலதான் தாவிச்சு. தி. நகரை இன்னைக்கு யாரும் புறநகர்னு சொல்றதில்லை.

தாம்பரம் பாதையும் அதே மாதிரிதான். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. 1980-களில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2021-ல் தாம்பரம் தனி மாநகராட்சியே ஆயிடுச்சு. ரயில் ஓட ஆரம்பிச்சு 90 வருஷம்! ஓஎம்ஆரில் இது சீக்கிரம் நடந்ததுக்குக் காரணம், அங்கே ஐடி கம்பெனிகளே நேரா போய் உட்கார்ந்தது.

அதனால எந்த ஊர்ல வாங்குறதா இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: வேலை இந்த ஊருக்கு வருதா, இல்ல இந்த ஊர் தினமும் வேலைக்கு வெளிய போகுதா?

உங்க ஆபீஸே மறைமலை நகரிலோ மஹிந்திரா சிட்டியிலோ இருந்தா, செங்கல்பட்டு உங்களுக்குப் புறநகரே இல்லை, பக்கத்து ஊர். தாராளமா பாருங்க. ஆபீஸ் நுங்கம்பாக்கத்துல இருந்தா கதையே வேற.

திண்டுக்கல்லை இதே கண்ணால பார்ப்போம்

திண்டுக்கல் ரயிலால் பிறந்த ஊர் கிடையாது. நகராட்சி ஆனது 1866-ல். மதுரைக்குப் போற ரயில் பாதை திண்டுக்கல் வழியா வந்தது 1875-ல். ரயில் வர்றதுக்கு முன்னாடியே இது நகரம். பூட்டு, தோல், சுருட்டு, பிறகு நூற்பாலை, பக்கத்துல சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை, ஒட்டன்சத்திரத்துல காய்கறிச் சந்தை. இங்கே இருந்தவங்களுக்கு வேலை இங்கேயே இருந்தது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சப்போ பூட்டுத் தொழில் பெரும்பாலும் படுத்துடுச்சுங்கறதையும் சேர்த்தே சொல்லணும்.

1985-ல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனதும் கலெக்டர் ஆபீஸ், மற்ற அலுவலகங்கள் வந்தன. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. இதெல்லாம் ஊருக்குள்ள வர்ற வேலை. பழைய தொழில் சுருங்கினதால காலை ரயில்ல சீசன் டிக்கெட்டோட மதுரைக்குக் கிளம்புற கூட்டம், வெளிய போற வேலை. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. பழனி ரோடு, வத்தலகுண்டு ரோடு, மதுரை பைபாஸ்னு மனை போடுறவங்க இதுல முதல் பாதியை மட்டும் போஸ்டர்ல அடிக்கிறாங்க.

போஸ்டரை நம்புறதுக்கு முன்னாடி மதுரை எய்ம்ஸை ஞாபகம் வச்சுக்குங்க. தோப்பூரில் அடிக்கல் நாட்டினது 2019 ஜனவரியில். அதுக்கப்புறம் பல வருஷம் சுற்றுச்சுவரைத் தவிர அங்கே ஒன்னும் எழும்பலை. 'எய்ம்ஸ் வருது'ன்னு கடன் வாங்கி மனை வாங்கினவருக்கு வட்டி மட்டும் மாசம் தவறாம வந்துச்சு. அறிவிப்பு ஒரு நாள்ல வரும், வேலை வர வருஷக்கணக்காகும். வட்டிக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது.

உங்க நேரத்துக்கு ஒரு விலை போடுங்க

இப்போ கணக்குக்கு வருவோம். கையில வர்ற சம்பளம் 60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம், மொத்தம் 198 மணி நேரம் வேலை. உங்க ஒரு மணி நேரத்தின் விலை சுமார் 300 ரூபாய்.

60 கிலோமீட்டர் பயணம் என்பது ரயில் நேரம் மட்டும் இல்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ் எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் என்பது குறைச்சலான மதிப்பீடு. மதுரை ஜங்ஷன்ல இறங்கி இலந்தைக்குளம் ஐடி பார்க் போறவரைக் கேளுங்க, சொல்வார். நாளுக்கு 3 மணி நேரம், மாசம் 66 மணி நேரம். 300 ரூபாய் வீதம் போட்டா கிட்டத்தட்ட 20,000 ரூபாய்! சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. வருஷத்துக்கு 792 மணி நேரம், அதாவது முழுசா 33 நாள் ரயிலிலும் பஸ்ஸிலும்.

"அந்த நேரத்துக்கு எனக்கு யாரு காசு குடுக்கப் போறா?"ன்னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா அந்த நேரத்துலதான் அடுத்த வேலைக்குப் படிக்கணும், தூங்கணும், குழந்தையைத் தூக்கணும், அம்மாகிட்ட பேசணும். காசா வரலைங்கறதுக்காக அது இலவசம் ஆயிடாது.

இதை வச்சு ஒரு சின்ன சோதனை. ஆபீஸ் பக்கத்துல வீடு எடுத்தா வாடகை 6,000 ரூபாய் கூட. ஆனா நாளுக்கு 2 மணி நேரம் மிச்சம். மாசம் 44 மணி நேரம். 6,000-ஐ 44-ஆல் வகுத்தா, ஒரு மணி நேரத்தை சுமார் 136 ரூபாய்க்கு வாங்குறீங்க. உங்க மணி நேர விலை 300. அப்போ பக்கத்துல குடிபோறதுதான் லாபம். வகுத்து வர்ற எண் உங்க மணி நேர விலையைத் தாண்டினா தூரத்துலயே இருங்க. அவ்வளவுதான் ஃபார்முலா.

இதுல இருந்து இன்னொன்னும் தெரியுது. சம்பளம் 30,000-ஆ இருக்கிறவருக்கு அதே 66 மணி நேரத்தின் விலை 10,000 ரூபாய்தான். சீசன் டிக்கெட் விலை எல்லாருக்கும் ஒன்னு. ஆனா உங்க சம்பளம் ஏற ஏற, அதே பயணம் உங்களுக்கு மட்டும் விலை ஏறிக்கிட்டே போகுது.

அதனாலதான், மதுரையில முதல் வேலை, சம்பளம் 25,000, 30,000 என்கிற தம்பி தங்கச்சிகளுக்கு நான் சொல்றது: திண்டுக்கல்ல அப்பா அம்மா வீட்டுல இருந்தே போய்ட்டு வாங்க, தப்பே இல்லை. மிச்சமாகிற வாடகை, சாப்பாட்டுச் செலவுல மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போட்டு, வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ச்சின்னு ஒரு கணக்குக்கு வச்சா, 10 வருஷத்துல சுமார் 20 லட்சம். நீங்க போட்டது 12 லட்சம். பங்குச் சந்தை வருமானம் உத்தரவாதம் இல்லைங்கறதையும் சொல்லிடுறேன். ஆனா சம்பளம் இரட்டிப்பானதும் இந்த முடிவை மறுபடி எடைபோடுங்க. பழக்கத்துக்காக ரயில் ஏறாதீங்க.

அந்த ஃப்ளாட் கணக்கு

சரி, முதல் கேள்விக்கு வருவோம். உதாரணத்துக்கு ஃப்ளாட் விலை 50 லட்சம். கையிலிருந்து 10 லட்சம், கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம். இஎம்ஐ சுமார் 34,700 ரூபாய். மொத்தமா கட்டுறது சுமார் 83 லட்சம். முதல் மாச இஎம்ஐயில 28,333 ரூபாய் வட்டிக்கே போயிடும். அசலுக்குப் போறது 6,400-க்கும் கொஞ்சம் கம்மி.

அதே மாதிரி ஃப்ளாட் அங்கே 12,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குதுன்னா, அதுதான் அந்த இடத்தோட இன்றைய உண்மையான மதிப்பு. 12,000 வாடகை மிச்சம் பண்ண 28,000 வட்டி கட்டுறோம். இந்த வித்தியாசம் நியாயமாகணும்னா விலை வேகமா ஏறியாகணும். விலை ஏறணும்னா வேலை அங்கே வரணும். சுத்திச் சுத்தி அதே கேள்வியிலதான் வந்து நிக்குது.

"வரிச் சலுகை இருக்கே?" புதிய வரி முறையில் இருந்தா, நீங்களே குடியிருக்கிற வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில்தான் வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும். நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் ஏற்கெனவே புதிய முறைக்கு மாறியாச்சு. அப்போ அந்த வாதம் உங்களுக்குப் பொருந்தாது.

திண்டுக்கல்காரங்க ஜிஎஸ்டி ரோட்டுல வாங்கறதுக்கு இன்னொரு மனசுக்குள்ள இருக்கிற காரணம் உண்டு. ஊருக்குப் போற பஸ் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துலயிருந்து கிளம்புது. அங்கே வீடு இருந்தா பொங்கல் கூட்டத்துல சீக்கிரம் ஊருக்குப் போயிடலாம். ஆசை புரியுது. ஆனா எண்ணிப் பாருங்க. ஊருக்கு வருஷத்துல 12 தடவை போவீங்களா? ஆபீஸுக்கு 264 நாள். வீட்டை எந்தப் பக்கத்துக்கு வசதியா வைக்கணும்?

வாங்கியே ஆகணும்னா

வீடு வாங்காதீங்கன்னு நான் சொல்லலை. வாங்கினா இந்த நாலையும் பார்த்துட்டு வாங்குங்க.

ஒன்று, திங்கட்கிழமை சோதனை. ஞாயித்துக்கிழமை சைட் பார்க்க அவங்க கார்ல கூட்டிட்டுப் போவாங்க. நீங்க ஒரு திங்கட்கிழமை காலையில அங்கிருந்து ரயில்லயும் பஸ்ஸுலயும் உங்க ஆபீஸுக்கு வந்து பாருங்க. சாயங்காலம் திரும்பிப் போங்க. ஒரு வாரம் செஞ்சா இன்னும் நல்லது.

இரண்டு, முதல்ல அதே ஏரியாவுல ஒரு வருஷம் வாடகைக்கு இருங்க. 50 லட்சம் முடிவுக்கு 12 மாச வாடகை சின்ன பரீட்சைக் கட்டணம்.

மூன்று, தண்ணி. தி. நகர் ஏரியிலிருந்து எழுந்தது, மழைக்கு இன்னும் அது ஞாபகம் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துல தாம்பரம் பக்கம் முடிச்சூர், வரதராஜபுரம் என்ன பாடு பட்டுச்சுன்னு பார்த்தோம். நம்ம ஊர் மனையா இருந்தாலும் கண்மாய், ஓடைப் புறம்போக்கு பக்கத்துல இருக்கான்னு பாருங்க. வில்லங்கச் சான்றுல தண்ணி வர்ற வழி எழுதியிருக்காது. பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்க.

நான்கு, மனைன்னா பத்திரச் செலவு. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் மதிப்புக்கு 1,80,000 ரூபாய். மனை விலை 9 சதவீதம் ஏறின பிறகுதான் நீங்க போட்ட காசுக்கே வந்து நிப்பீங்க. டிடிசிபி அனுமதி எண்ணையும் ரேரா பதிவு எண்ணையும் அவங்க பிரசுரத்துல பார்த்ததோட விடாம, அரசு இணையதளத்துல சரிபாருங்க.

மாம்பலத்துல அன்னைக்கு வாங்கினவர் கோடீஸ்வரன் ஆனது நிஜம். அவர் பதினோரு கிலோமீட்டர்ல வாங்கினார். அரசாங்கமே பூங்காவும் ரோடும் போட்டுக் குடுத்த ஊர்ல வாங்கினார். விலை ஏறலைன்னாலும் அவர் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு வந்திருப்பார். உங்க ஃப்ளாட்டுக்கும் அதே கேள்வியைக் கேளுங்க: 15 வருஷம் விலை ஒரு ரூபாய் ஏறலைன்னாலும் இந்த வீட்டுல நான் சந்தோஷமா இருப்பேனா?

ஆமாம்னா வாங்குங்க. யோசிச்சீங்கன்னா, அட்வான்ஸ் குடுக்கிறதைத் தள்ளிப் போடுங்க.

நீங்க தினமும் எவ்வளவு தூரம் போறீங்க, உங்க ஒரு மணி நேரத்தின் விலை எவ்வளவு வந்துச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க. திண்டுக்கல் டு மதுரை சீசன் டிக்கெட் கோஷ்டி கட்டாயம் எழுதணும்!